கண்காணியும் கங்காணியும்



பவுல் அப்போஸ்தலர் தம்முடைய இளைய உடன் ஊழியனாகிய தீமோத்தேயுவுக்கு எழுதிய முதலாம் நிருபத்தின் மூன்றாம் அதிகாரத்தை நீங்கள் பலமுறை வாசித்திருப்பீர்கள். புதிய போதகர் ஒருவர் சபைக்கு வரும் நாளிலும் மூப்பர்கள் தெரிவு செய்யப்படும் நாளிலும் அப்பகுதியை வாசிப்பது நம் ஆலயங்களில் வழக்கம். ஆயினும் பழைய தமிழ்த் திருப்புதலில் அங்கே நிற்கும் ஒரு சொல் மலையக மக்களின் செவியில் விழுவதுபோல வேறு தமிழர் செவியில் விழுவதில்லை. மலாயாத் தோட்டங்களுக்குச் சென்றவர்களின் சந்ததியினர் மட்டும் இதற்கு விலக்காகலாம். அந்தச் சொல் 'கண்காணி'.

கிரேக்க மூலத்தில் அது 'எப்பிஸ்கோப்பொஸ்'. மேற்பார்வை செய்கிறவர் என்பது பொருள். ஆயர் என்றும் அத்தியட்சர் என்றும் நாம் இன்று வழங்கும் பதவியின் வேர் இதுவே. பழைய மொழிபெயர்ப்பாளர்கள் இதற்குத் தமிழில் நல்லதொரு சொல்லைத்தான் தேர்ந்தார்கள். கண்ணால் காத்து நிற்பவன் கண்காணி. அதே சொல் ஓர் எழுத்துத் தேய்ந்து தேயிலைத் தோட்டத்திற்கு வந்தபோது அதன் கதை வேறாயிற்று.

கம்பளையிலிருந்து புசல்லாவை வழியாக இறம்பொடையை நோக்கி ஏறி, அங்கிருந்து லபுக்கலையைக் கடந்து நுவரெலியாவுக்குச் செல்லும் வீதியின் இருமருங்கும் உள்ள மலைகளில் இன்று நாம் காணும் பசுமை யாவும் கங்காணிகள் அழைத்துவந்த மக்களின் உழைப்பால் உண்டானது. முதலில் கோப்பி, 1869இல் தோன்றிய இலைநோயால் அது அழிந்தபின் தேயிலை. தென்னிந்தியக் கிராமங்களில் முற்பணம் கொடுத்து ஆள் திரட்டியவர் கங்காணி. மன்னார்க் கரையிலிருந்து மாத்தளை வரை காட்டுவழியே நடத்தி வந்தவரும் அவரே. வழியில் மாண்டோர் பலர். வந்து சேர்ந்தோரின் கடனோ கங்காணியின் கணக்கில் நாள்தோறும் வளர்ந்தது. வேலைக்கு இறங்கும் ஒவ்வொருவருக்கும் இவ்வளவு என்று தோட்டம் அவருக்குத் தலைக்காசு கொடுத்தது. ஒரு தொழிலாளி வேறு தோட்டத்திற்குப் போக விரும்பினால், கடன் தீர்ந்தால் விடுவிக்கலாம் என்று எழுதிய 'துண்டு' வேண்டும். அந்தத் துண்டு மனிதரை விற்று வாங்கும் பத்திரமாகவே மாறிப்போனது. 1921ஆம் ஆண்டுச் சட்டம்தான் அதை ஒழித்தது. நல்ல கங்காணிகளும் இருந்திருப்பார்கள். தம் ஊராரைத் தம் பிள்ளைகளாகக் காத்தவர்களைப் பற்றியும் முதியோர் சொல்லக் கேட்டிருக்கிறோம். ஆனால் அந்த முறைமை நல்லவரையும் கெடுக்கக்கூடியதாய் இருந்தது. தம் பொறுப்பில் உள்ளவர்களின் எண்ணிக்கையால் ஒருவர் பிழைக்கத் தொடங்கினால், அவர்களை மனிதராகப் பார்ப்பது அவருக்குக் கடினமாகிவிடும்.

வாசகர்களே, இந்தப் பழங்கதையை ஏன் இங்கே சொல்கிறோம் என்று நீங்கள் கேட்கலாம். நம் சபைகளில் இன்று நிற்பவர் கண்காணியா, கங்காணியா என்று கேட்பதற்காகவே. ஞாயிறுதோறும் வந்திருக்கும் தலைகளை எண்ணிப் படம் பிடித்து, அந்த எண்ணிக்கையைக் கடல் கடந்து அனுப்பி உதவி பெறுவது ஒருவகைத் தலைக்காசு அல்லவா? ஒரு குடும்பம் வேறு சபைக்குப் போக நினைத்தால், சாபம் வரும் என்று அச்சுறுத்தி நிறுத்துவது துண்டு முறையல்லவா? பிள்ளையின் பாடசாலைச் செலவுக்குச் செய்த உதவியைக் காலமெல்லாம் சொல்லிக்காட்டி அக்குடும்பத்தை அடக்கி வைப்பது எந்தக் கணக்கில் சேரும்? எல்லாச் சபைகளையும் நாம் சொல்லவில்லை. மழையிலும் பனியிலும் மலையேறிச் சென்று நோயாளியின் படுக்கையருகே அமரும் ஊழியர்கள் நம்மிடையே உண்டு. அவர்களுக்காகவே இதனை எழுத வேண்டியிருக்கிறது. ஒருவருடைய தவறு பலருடைய உழைப்பை நகைப்புக்குரியதாக்கி விடுகிறதே!

பவுல் தரும் பட்டியலை ஆறுதலாக வாசித்துப் பாருங்கள். அவர் கேட்கும் தகுதிகளுள் திறமை என்று சொல்லத்தக்கது ஒன்றே: போதிக்க வல்லவராயிருத்தல். மற்றவை எல்லாம் நடத்தை. மனைவிக்கு உண்மையுள்ளவர், மதுவுக்கு அடிமைப்படாதவர், பண ஆசையற்றவர், சண்டைக்குப் போகாதவர், தம் வீட்டைச் செம்மையாக நடத்துகிறவர். அடிக்கிறவராய் இருத்தலாகாது என்றும் அவர் எழுதுகிறார். கங்காணியின் கைத்தடியை அறிந்த மக்களுக்கு இதற்கு விரிவுரை தேவையில்லை. நிறைவாக ஏழாம் வசனத்தில் ஒன்று வைக்கிறார்: சபைக்குப் புறம்பே இருக்கிறவர்களும் அவரைக் குறித்து நற்சாட்சி சொல்ல வேண்டும்.

இந்த இறுதி நிபந்தனை மலையகத்தில் மிகவும் கடினமானது. இங்கே புறம்பானவர் தொலைவில் இல்லை. இறம்பொடை போன்ற ஓர் இடத்தில் கிறிஸ்தவக் குடும்பத்தின் இருமருங்கும் வாழ்பவர்கள் பெரும்பாலும் இந்துக்கள். ஒரே லயத்தில் ஒரே கூரையின் கீழ், மெல்லிய சுவருக்கு அப்பால் இருக்கிறார்கள். போதகர் தம் மனைவியிடம் என்ன குரலில் பேசுகிறார் என்பதைச் சபையார் அறியாதிருக்கலாம். அடுத்த காம்பராக்காரர் அறிவார். கடையில் கடன் வைத்துத் திரும்பக் கொடுத்தாரா என்பதைக் கடைக்காரர் அறிவார். பிரசங்க மேடையை நகரத்திலிருந்து வந்த ஒலிபெருக்கி அலங்கரிக்கலாம். சாட்சியோ லயத்துச் சுவரிலிருந்து வருகிறது.

கண்காணி என்ற சொல்லுக்குத் தகுதியானவர்கள் இம்மண்ணில் வாழ்ந்ததுண்டா? உண்டு. புனித யோசப் வாஸ் அடிகளை எல்லோரும் அறிவோம். 1687இல் கூலியாள் வேடத்தில் வெறுங்காலுடன் இந்நாட்டுக்கு வந்தவர். 1697இல் கண்டியில் அம்மை நோய் பரவி மக்கள் நோயாளிகளைக் கைவிட்டு ஓடியபோது ஓடாமல் நின்று அவர்களைக் கழுவிப் பராமரித்தவர். உயர் பதவி தேடி வந்தபோது வேண்டாமென்றவர். 2015 ஜனவரி 14ஆம் நாள் காலிமுகத்திடலில் அவர் புனிதராக உயர்த்தப்பட்டதும் நமக்குத் தெரியும். எனவே அவரை விட்டு, நம் காலத்துக்கு அண்மையில் வாழ்ந்த, நாம் மறந்துகொண்டிருக்கும் சிலரை நோக்குவோம்.

ஆயர் லியோ நாணாயக்கார ஆசீர்வாதப்பர் சபைத் துறவி. 1959இல் கண்டி மறைமாவட்டத்தின் ஆயரானார். நுவரெலியா மாவட்டமும் அதனுள் இறம்பொடையும் அவருடைய பொறுப்பில் இருந்தன. கண்டி ஆயருக்கு மதிப்பும் வசதியும் குறைவில்லை. 1972இல் ஊவாப் பகுதி தனியே பிரிக்கப்பட்டுப் பதுளை மறைமாவட்டம் உருவானபோது, கத்தோலிக்கர் மிகச் சிலரே வாழ்ந்த, வருமானமற்ற அந்தப் புதிய மறைமாவட்டத்திற்குத் தாமே போவதாக அவர் விரும்பிக் கேட்டுப் போனார். சிறிய இடத்திலிருந்து பெரிய இடத்திற்கு மாற்றம் கேட்பது உலக வழக்கம். திருச்சபையிலும் அது அறியாத வழக்கமல்ல. பெரியதிலிருந்து சிறியதற்குக் கேட்டவர் எத்தனை பேர்? 1982இல் மறையும்வரை அவர் பதுளையிலேயே பணியாற்றினார். பண்டாரவளையில் அவர் ஊக்குவித்த 'சேவக செவண' என்னும் குருத்துவப் பயிற்சி இல்லத்தில் பணிபுரிந்த மைக்கல் ரொட்ரிகோ அடிகள், பின்னர் புத்தளைப் பகுதியின் ஏழைப் பௌத்த விவசாயிகளிடையே குடிசையில் வாழ்ந்தார். 1987 நவம்பர் 10ஆம் நாள் திருப்பலி வேளையில் சுட்டுக் கொல்லப்பட்டார்.

அதே 1972இல், இயேசு சபைத் துறவியாகிய போல் கஸ்பர்ஸ் அடிகள் கண்டியில் 'சத்தியோதயம்' என்னும் இல்லத்தைத் தொடங்கினார். பல இனத்தவரும் சமயத்தவரும் ஒன்றாக வாழ்ந்து பணிசெய்த இடம் அது. 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் குடியுரிமை இழந்து, 1964ஆம் ஆண்டு சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தத்தால் 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இங்கே என்று பங்கிடப்பட்ட மக்களுக்காகப் பேசுவது அந்நாளில் எவருக்கும் இலாபமான காரியமன்று. வாக்குரிமையற்றவரின் நன்றியால் எந்தப் பதவியும் கிட்டாது. 1970களின் நடுப்பகுதியில் தோட்டங்களில் பசி தாண்டவமாடியபோது அவரும் அவருடைய தோழர்களும் தோட்ட மக்களின் நிலையை நாட்டுக்கு எடுத்துரைத்தார்கள். 2017இல் மறையும்வரை அவர் அந்தப் பணியை விடவில்லை.

இன்னொருவரைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். குருநாகல் அங்கிலிக்கன் ஆயர் லக்ஷ்மன் விக்கிரமசிங்க 1962இல், முப்பத்தைந்து வயதில் ஆயரானவர். செல்வாக்குள்ள சிங்களக் குடும்பத்தில் பிறந்தவர். 1983 ஜூலையில் தமிழர் வீடுகளும் கடைகளும் எரிந்தபோது மலையகமும் தப்பவில்லை. அந்த நாட்களை நினைவில் கொண்டவர்கள் இன்றும் நம்மிடையே உள்ளனர். அப்போது நாட்டில் தலைவர்கள் பலர் காரணம் சொன்னார்கள், சிலர் மௌனம் காத்தார்கள். உடல்நலம் குன்றியிருந்த இந்த ஆயர் தம் மக்களுக்கு ஒரு சுற்றுமடல் எழுதினார். தமிழர்மீது நடந்த கொடுமையை எந்த ஒழுக்க நியாயத்தாலும் நியாயப்படுத்த முடியாது என்றும், சிங்களவராகிய தாம் வெட்கத்தோடு அதை ஏற்று மன்னிப்புக் கோரவேண்டும் என்றும் அதன் கருத்து அமைந்தது. தம் கையால் ஒரு கல்லும் எறியாதவர் தம் இனத்தின் குற்றத்தைத் தமதாக ஏற்றார். நெகேமியாவும் தானியேலும் தங்கள் முன்னோர் பாவத்தைத் தங்கள் பாவமாக அறிக்கையிட்ட அதே முறை. தம் சபையாரிற் பலருக்கு அது கசக்கும் என்பது அவருக்குத் தெரியாததல்ல. அவ்வாண்டு அக்டோபர் 23ஆம் நாள், ஐம்பத்தாறாம் வயதில் அவர் இறந்தார்.

மந்தைக்கு இனிப்பானதை மட்டும் சொல்லும் மேய்ப்பன், மந்தையால் மேய்க்கப்படுகிறவனே. இது நம்முடைய எண்ணம்; மறுப்பவர் மறுக்கலாம்.

இனி, சொல்லத் தயங்கும் காரியத்திற்கு வருவோம். தலைவர் தவறினால் சபை என்ன செய்யவேண்டும்? நம்மிடையே பலர் உடனே எடுத்துக்காட்டுவது 105ஆம் சங்கீதத்தின் 15ஆம் வசனத்தை: அபிஷேகம் பெற்றவரைத் தொடலாகாதாம். அந்தச் சங்கீதத்தைத் தொடக்கத்திலிருந்து வாசித்தால், அங்கே பேசப்படுகிறவர்கள் அந்நிய நாட்டில் நிலமின்றி அலைந்த ஆபிரகாமும் ஈசாக்கும் யாக்கோபுமே என்பது விளங்கும். வலியோரிடமிருந்து எளியோரைக் காக்கும் வசனம் அது. அதை வலியவரின் கவசமாக்கியது நம் கைங்கரியம். தாவீது சவுலைக் கொல்ல மறுத்தது மெய்தான். ஆனால் அதே தாவீது பத்சேபாள் விடயத்தில் தவறியபோது, நாத்தான் தீர்க்கதரிசி நேரே அரண்மனைக்குப் போய் விரல் நீட்டினாரே! அதே தீமோத்தேயு நிருபத்தின் ஐந்தாம் அதிகாரத்தில் பவுல் தெளிவான ஒழுங்கு ஒன்றையும் தருகிறார். மூப்பர்மேல் வரும் குற்றச்சாட்டை இரண்டு மூன்று சாட்சிகள் இல்லாமல் ஏற்கக்கூடாது. பாவத்தில் நிலைத்திருந்தால் எல்லோர் முன்பாகவும் கடிந்துகொள்ள வேண்டும். வீண்பழியிலிருந்து தலைவருக்குப் பாதுகாப்பும் அதில் உண்டு, தலைவரிடமிருந்து சபைக்குப் பாதுகாப்பும் உண்டு.

இந்த ஒழுங்கைக் கைவிட்டால் என்ன நேரும் என்பதற்குச் சென்னையில் பிறந்து உலகப் புகழ்பெற்ற ரவி சகரியாஸ் அவர்களின் கதை துயரமான சான்று. அவருடைய நூல்கள் தமிழ்க் கிறிஸ்தவ இல்லங்களிலும் இருந்தன. 2017இல் ஒரு பெண்ணின் முறைப்பாடு வெளிவந்தபோது அவருடைய நிறுவனம் அவர் பக்கமே நின்றது. அவர் 2020 மே மாதம் காலமானார். 2021 பெப்ரவரியில், அதே நிறுவனம் நியமித்த விசாரணையாளர்கள் பல பெண்களிடம் அவர் பாலியல் முறைகேடாக நடந்ததை உறுதிசெய்து அறிக்கை கொடுத்தார்கள். நிறுவனமும் மன்னிப்புக் கேட்டது. முறைப்பாடு செய்தவர்கள் அதுவரை சுமந்த அவமானத்தை எந்த மன்னிப்பு ஈடுசெய்யும்? ஏலியின் வீட்டிலும் இதுவே நடந்தது. ஓப்னியும் பினெகாசும் செய்தவை தந்தைக்குத் தெரியும். புத்தியும் சொன்னார். ஆனால் பதவியிலிருந்து விலக்கவில்லை. 1 சாமுவேல் மூன்றாம் அதிகாரத்தில் கர்த்தர் ஏலியிடம் கணக்குக் கேட்பது இந்த அடக்காமையைக் குறித்தே.

சிறுபிள்ளைகள் சம்பந்தப்பட்ட காரியமானால் சபைக் கூட்டத்தில் பேசித் தீர்ப்பதற்கு ஒன்றுமில்லை. தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்னும் தொலைபேசி இலக்கம் எல்லோருக்கும் பொதுவானது. சபையின் மானம் போகும் என்று தாயொருத்தியின் வாயை அடைப்பவர், அந்தப் பிள்ளைக்கு இரண்டாவது முறையும் தீங்கு செய்கிறார்.

பணத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஆயிரம் ரூபாய் நாட்சம்பளத்தை 2021இல் பெறுவதற்கே பல ஆண்டுகள் போராடிய மக்கள் நம்மவர்கள். கொழுந்துக் கூடையின் நார் நெற்றியில் பதித்த தழும்போடு வந்து அவர்கள் இடும் காணிக்கைக்குக் கணக்கு எழுதப்பட வேண்டாமா? பவுல் எருசலேம் ஏழைகளுக்காகச் சேர்த்த பணத்தைத் தாம் தனியே கொண்டுபோகவில்லை. சபைகள் தெரிந்தெடுத்தவர்களை உடன் அனுப்பினார். கர்த்தர் முன்பாக மாத்திரமல்ல, மனிதர் முன்பாகவும் நேர்மை விளங்கவேண்டும் என்று 2 கொரிந்தியர் எட்டாம் அதிகாரத்தில் காரணமும் எழுதுகிறார். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்து மலைகள் சரிந்து, நாடெங்கும் அறுநூறுக்கு மேற்பட்டோர் உயிரிழந்த வேளையில், பல சபைகள் மதபேதமின்றிக் கதவைத் திறந்தன. அவ்வாறு வரும் நிவாரணத்தில் எத்தனை மூட்டை அரிசி வந்தது, எவரெவருக்குப் போனது என்று ஆலயக் கதவில் ஒரு தாள் ஒட்டுவதற்குப் பெரிய படிப்பு வேண்டியதில்லை. அங்கே கொடுக்கப்படுகிறவர்களின் முகத்தைப் படம் பிடிக்காதிருப்பதற்கும் வேண்டியதில்லை.

சாமுவேல் தீர்க்கதரிசி நரைத்த தலையுடன் மக்கள் முன் வந்து நின்ற காட்சி 1 சாமுவேல் பன்னிரண்டாம் அதிகாரத்தில் இருக்கிறது. எவருடைய மாட்டை எடுத்தேன், எவருடைய கழுதையை எடுத்தேன், எவரை ஒடுக்கினேன், எவர் கையில் பரிதானம் வாங்கினேன், சொல்லுங்கள், திருப்பிக் கொடுக்கிறேன் என்று கேட்டார். ஒன்றுமில்லை என்று ஜனங்கள் பதில் சொன்னார்கள். ஆனால் அதற்கு முன்பே, எட்டாம் அதிகாரத்தில், அவருடைய குமாரர் பெயெர்செபாவில் பரிதானம் வாங்கியதை மூப்பர்கள் அவர் முகத்துக்கு நேரே சொல்லியிருந்தார்கள். சாமுவேலுக்கு அது வருத்தமாயிருந்தது. ஆயினும் பேசியவர்களை அவர் துரத்தவில்லை, தம் குமாரர் குற்றமற்றவர் என்று வாதாடவும் இல்லை.