இடை நிறத்தை நீங்களே தேர்ந்தெடுங்கள்

டிஜிட்டல் ஓவியம் பழகத் தொடங்குபவர்கள் நிறம் கலக்க முதலில் தேடிப்போவது பெரும்பாலும் ஸ்மட்ஜ் கருவியைத்தான். ஒரு பக்கம் வெளிச்சத்தின் நிறம், மறுபக்கம் நிழலின் நிறம். நடுவில் தேய்த்துக்கொண்டே இருக்கிறார்கள். நிறங்கள் கலந்துவிடுகின்றன, ஆனால் படம் களையிழந்து போகிறது. கையில் குறையில்லை. கணினி நிறம் கலக்கும் விதம் அப்படி.

திரையில் ஒவ்வொரு நிறமும் சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்று ஒளிகளின் அளவுதான். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 255 வரை எண் உண்டு. கலக்கச் சொன்னால், பெரும்பாலான மென்பொருள்கள் அந்த எண்களுக்குச் சராசரி எடுக்கின்றன. தூய நீலம் 0, 0, 255. தூய மஞ்சள் 255, 255, 0. பாதிக்குப் பாதி கலந்தால் மூன்றுமே ஏறக்குறைய 128 ஆகி, சாம்பல் நிறம் வந்து நிற்கும். வாட்டர்கலரில் இதே இரண்டும் பச்சையைத் தந்திருக்கும். ஏனென்றால் சாயத் துகள்கள் ஒளியை உறிஞ்சியும் சிதறடித்தும் நிறம் காட்டுபவை. அதற்கான கணக்கைக் குபெல்கா, முங்க் என்ற இருவர் 1931இல் வெளியிட்டார்கள். அதை அடிப்படையாகக் கொண்டு 2021இல் வந்த மிக்ஸ்பாக்ஸ் முறை ரெபெல் மென்பொருளின் புரோ பதிப்பில் இருக்கிறது. அங்கே நீலமும் மஞ்சளும் சேர்ந்தால் பச்சை வரும். இப்படிப்பட்ட முறை இல்லாத மென்பொருள்களில் அந்த வேலையை நம் கண்தான் செய்ய வேண்டும்.

ஒரு மாம்பழம் வரைவதாக வைத்துக்கொள்வோம். வெளிச்சப் பக்கம் 250, 200, 50 என்ற மஞ்சள். நிழலுக்கு ஊதா சாயலில் 90, 50, 80. சராசரி 170, 125, 65, அதாவது அழுக்குப் பழுப்பு. தேய்த்தால் கிடைப்பது இதுதான். அதற்குப் பதிலாக 215, 120, 35 போன்ற ஒரு செறிவான ஆரஞ்சை நீங்களே எடுத்து நடுவில் பூசிப் பாருங்கள். பழத்துக்கு உடனே உயிர் வரும். மனித முகத்துக்கும் இது பொருந்தும்: வெளிச்சம் நிழலாக மாறும் இடத்தில் தோலின் நிறத்தைக் கொஞ்சம் சிவப்பாக, செறிவாக வைத்தால் உள்ளே ரத்தம் ஓடுவது தெரியும்.

இடை நிறத்தைப் பூசியதும் இரண்டு எல்லைகள் மிஞ்சும். பிரஷின் ஒபாசிட்டியை 50 சதவீதத்துக்குக் குறைத்து, எல்லையின் மேல் லேசாக ஒரு கோடு போடுங்கள். அங்கே உண்டான நிறத்தை ஐட்ராப்பரால் எடுத்து, அதையே பக்கத்தில் பூசுங்கள். எடுப்பது, பூசுவது, மறுபடி எடுப்பது; வேலை முழுக்க இந்தச் சுற்றுதான். பிரஷ் கையில் இருக்கும்போதே கிருத்தாவில் கண்ட்ரோல் கீயையும், போட்டோஷாப்பில் ஆல்ட் கீயையும் அழுத்திக்கொண்டு தொட்டால் நிறம் வந்துவிடும். புரோகிரியேட்டில் விரலை அழுத்தி வைத்தால் போதும்.

ஒபாசிட்டி பற்றி ஒன்று தெரிந்திருக்க வேண்டும். 50 சதவீதத்தில் ஒருமுறை பூசினால் அடியில் உள்ள நிறம் பாதி மறையும். பேனாவைத் தூக்கி மறுபடி பூசினால் 75, மூன்றாம் முறை 87.5. பேனாவைத் தூக்காமல் எத்தனை முறை ஓட்டினாலும் 50ஐத் தாண்டாது. பிரஷின் இன்னொரு அமைப்பான புளோ அப்படியல்ல, ஒரே கோட்டுக்குள்ளேயே சேர்ந்துகொண்டு போகும்.

எல்லா இடத்தையும் கலக்கத் தேவையில்லை என்பதை அழுத்திச் சொல்லத் தோன்றுகிறது. மாம்பழத்தின் வளைவில் நிறம் மெதுவாக மாறட்டும். பழம் தரையில் போடும் நிழலின் விளிம்பு, பழத்தை ஒட்டிய இடத்தில் கூர்மையாகவே இருக்கட்டும். மென்மையான ஏர்பிரஷால் எல்லாவற்றையும் தடவிவிட்டால் பழம் பிளாஸ்டிக் ஆகிவிடும். ஸ்மட்ஜைக் கடைசியில், ஒன்றிரண்டு இடங்களில் மட்டும், சொரசொரப்பான பிரஷ் நுனியோடு பயன்படுத்துங்கள்.

சரிபார்க்க, எல்லாவற்றுக்கும் மேலே ஒரு கறுப்பு லேயர் வைத்து அதை 'கலர்' பிளெண்டிங் மோடுக்கு மாற்றுங்கள். படம் கறுப்பு வெள்ளையாகத் தெரியும். பட்டை பட்டையாகத் தெரியும் இடத்தில் இன்னொரு இடை நிறம் வேண்டும். வெளிச்சமும் நிழலும் பிரிந்து தெரியவில்லை என்றால் அதிகம் கலந்துவிட்டீர்கள். நிழல் நிறத்தை மறுபடி எடுத்து, ஒபாசிட்டியைக் கூட்டி, அழுத்தமாக ஒருமுறை பூசுங்கள்.