ஆசும் பற்றாசும்

தமிழில் 'ஆசு' என்னும் சொல்லுக்குக் குற்றம் என்பது ஒரு பொருள்; உலோகத்தை உலோகத்தோடு இணைக்கும் பற்றாசு என்பது மற்றொரு பொருள். நேரிசை வெண்பாவில் தனிச்சொல் தன் முன்னுள்ள சீரோடு இயையாது நிற்குமாயின், ஓரசையோ ஈரசையோ இடையில் இட்டு இணைப்பர். அதனை 'ஆசு' என்றும், அவ்வெண்பாவை 'ஆசிடை நேரிசை வெண்பா' என்றும் யாப்பு நூலார் வழங்குவர். பழுதையும் பழுதைத் தீர்க்கும் பொருளையும் ஒரு சொல்லே குறிக்கும் இவ்வியல்பு, நம் இல்லத்துச் சலவை இயந்திரத்திற்கும் பொருந்துவதை இக்கட்டுரையில் காண்போம்.

வெள்ளம் கற்பித்த பாடம்

2015 டிசம்பர் 2ஆம் நாள் காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் ஏறத்தாழ 49 செ.மீ. மழை பதிவாயிற்று. அடையாற்று வெள்ளம் முடிச்சூர், வரதராசபுரம் முதலிய பகுதிகளில் புகுந்தது. தரைத்தள வீடுகளில் இருந்த சலவை இயந்திரங்களும் நீரில் நின்றன. நீர் வடிந்தபின் பலர் கேட்ட சொல், "போர்டு போய்விட்டது" என்பதே. வெள்ளம் இல்லாத ஆண்டுகளிலும் பழைய இயந்திரம் நின்றுவிட்டால் இச்சொல்லே தீர்ப்பாக வருகின்றது. அது சரியான தீர்ப்புத்தானா என ஆராய்தல் வேண்டும்.

பலகையின் பணி

நீரை எப்போது விடுவது, உருளையை எப்பக்கம் சுழற்றுவது, அழுக்கு நீரை எப்போது வெளியேற்றுவது என ஆணையிடுவது போர்டு எனப்படும் கட்டுப்பாட்டுப் பலகை. அது தோன்றுமுன் இப்பணியைச் செய்தது, மெல்லச் சுழலும் முளைச்சக்கரங்களைக் கொண்ட டைமர். இக்கருத்து மிகப் பழையது. 1206இல் தம் இயந்திரவியல் நூலை நிறைவு செய்த அல்-ஜஸரீ, சுழலும் முளைகள் நெம்புகோல்களை அசைக்க, பாவைகள் இசைக்கருவி முழக்கும் படகினை அதில் விவரித்துள்ளார். முளைகள் செய்ததை இன்று பலகையிலுள்ள நுண்சில்லும் ரிலேக்களும் செய்கின்றன.

பழுது எங்கே?

முதலில் ஐயுற வேண்டியது பலகையை அன்று. கதவுப் பூட்டு, நீர் வரும் வால்வு, வடிகால் பம்பு, எலி கடித்த கம்பி ஆகியவற்றுள் ஒன்று கெட்டாலும் பலகை கெட்டதுபோலவே தோன்றும். அவை யாவும் நன்றாயிருப்பின் பலகையை நோக்கலாம்.

அதிலும் முழுப்பலகையும் கெடுவது அரிது. மேல்முனை உப்பிய மின்தேக்கி, கருகிய ரிலே, மின்னழுத்தம் திடீரென உயர்ந்ததால் எரிந்த உருகி, உள்ளே புகுந்து மாண்ட பல்லியோ எறும்போ உண்டாக்கிய குறுக்கிணைப்பு ஆகியவை அடிக்கடி காணப்படும் காரணங்கள். எல்லாவற்றினும் நுண்ணியது பற்றாசு வெடிப்பு. ரிலேயின் கால்களைச் சுற்றியுள்ள பற்று, சூடேறியும் குளிர்ந்தும் பல்லாண்டு உழைத்து, மயிரிழையளவு பிளக்கும். சால்டரிங் அயர்னால் பழைய பற்றை நீக்கிப் புதிது இட்டால் இயந்திரம் உயிர்பெறும். ஆசு நேர்ந்த இடத்தில் ஆசு இடுவதே மருந்து!

வெள்ளத்தில் நனைந்த பலகையை உடனே இயக்கலாகாது. சேற்றைக் கழுவி, ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, நன்கு உலர்த்தி, செம்பிற் படர்ந்த பசுங்களிம்பை நீக்கிய பின்னரே சோதிக்க வேண்டும். ஈரம் புகாதிருக்கச் சில பலகைகளின்மீது பிசின் வார்த்திருப்பர்; அவற்றைச் செப்பனிடுதல் கடினம்.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. பல இயந்திரங்களில் பலகை முழுவதும் 230 வோல்ட் மின்சாரத்தோடு நேர்த்தொடர்பு உடையது. பிளக்கைப் பிடுங்கிய பின்னும் மின்தேக்கியில் மின்னூட்டம் தங்கியிருக்கும். ஆகவே பயிற்சியில்லாதார் கைவைத்தல் தகாது. பயின்றாரிடம் "எப்பகுதி கெட்டது?" எனக் கேட்பது நம் கடமை.

பொருளும் அறமும்

புதுப்பலகை ஆயிரக்கணக்கான ரூபாய். மின்தேக்கியோ சில ரூபாய்களே. தாம்பரத்திலிருந்து மின்தொடர் வண்டியேறிச் சென்றால், அண்ணா சாலையை அடுத்த ரிச்சி தெருவில் இத்தகு உறுப்புகள் கிடைக்கும். மின்தேக்கி வாங்குங்கால் மைக்ரோஃபாரட் அளவு மாறலாகாது. வோல்ட் அளவு குறையலாகாது.

2022 டிசம்பர் 24, தேசிய நுகர்வோர் நாளன்று, இந்திய அரசு செப்பனிடும் உரிமைக்கான இணையத்தளத்தைத் தொடங்கியது. வீட்டு உபயோகப் பொருள்களும் அதன் வரம்பில் அடங்கும். எறிந்துவிடுவதன் விளைவோ நம் அருகிலேயே இருக்கின்றது. 2022இல் ராம்சார் பட்டியலில் இடம்பெற்ற பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் ஒரு பகுதியிலேதான் பெருங்குடிக் குப்பைமேடு எழுந்தது. பழைய பலகைகளின் பற்றாசில் ஈயம் உண்டு. அது மண்ணிலும் நீரிலும் சேர்தல் தீது. இனிச் செப்பனிட இயலாது என்றானபின்னும் அதனைப் பதிவுபெற்ற மறுசுழற்சியாளரிடமே சேர்த்தல் வேண்டும்.

'இஸ்ராஃப்' எனப்படும் வீண்விரயத்தை இஸ்லாம் விலக்கியுள்ளது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தம் காலணியைத் தாமே செப்பனிட்டார்கள், தம் ஆடையைத் தாமே தைத்தார்கள் என அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவித்துள்ளார்கள். செப்பனிடுதல் வறியவர் செயல் என எண்ணுவார்க்கு இதனினும் தெளிந்த விடை வேண்டுவதில்லை.

ஆசிரியர் என்னும் சொல்லுக்குக் குற்றத்தை நீக்குபவர் எனப் பொருள் கூறும் மரபும் உண்டு. அம்மரபின்படி நோக்கின், தெருமுனைக் கடையில் பலகையின்மேல் குனிந்து மயிரிழைப் பிளவைத் தேடும் தொழிலாளியும் ஓர் ஆசிரியரே. அவரிடம் நம் மாணவர் கற்கவும், அவருக்குரிய மதிப்பையும் கூலியையும் நாம் வழங்கவும் முற்படுவோமாக.