உள்ளே இருக்கும் கொழுப்பு வெளியே வரும்போது

மீன் வெட்டும்போது கத்தி விரலில் பட்டுவிடுகிறது. விரலைப் பொத்திப் பிடித்துக்கொண்டால் சில நிமிடங்களில் இரத்தம் நின்றுவிடுகிறது. ஆனால் அதே இரத்தம் ஆயுள் முழுவதும் நாளங்களுக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது, அங்கே உறைவதில்லை. காயம் பட்ட இடத்தில்தான் உறைய வேண்டும் என்று அதற்கு யார் சொல்லிக் கொடுத்தது?

இதற்கு விடை தேடிய விஞ்ஞானிகள் வந்து சேர்ந்த இடம், குருதிக் கலங்களைப் போர்த்தியிருக்கும் ஒரு கொழுப்புப் படலம். கொழுப்பு என்றதும் நமக்கு மாட்டிறைச்சியும் நெய்யும் கொலஸ்ட்ரோல் பரிசோதனையும்தான் நினைவுக்கு வரும். இது வேறு கொழுப்பு. சகோதரிகளே, பிள்ளை தங்காமல் கண்ணீர் வடிக்கும் சில பெண்களின் துயரத்தோடும் இதற்குத் தொடர்பு உண்டு. ஆகவே சற்றுப் பொறுமையாக வாசியுங்கள்.

1925ஆம் ஆண்டு ஒல்லாந்து நாட்டின் லெய்டன் நகரில் கோர்ட்டர் என்ற குழந்தை வைத்தியப் பேராசிரியரும் கிரென்டல் என்ற அவருடைய உதவியாளரும், மனிதர், ஆடு, நாய், முயல் ஆகியவற்றின் செங்குருதிக் கலங்களிலிருந்து கொழுப்பைப் பிரித்தெடுத்து நீரின்மேல் பரப்பி அளந்தார்கள். அந்தக் கலங்களின் மேற்பரப்பைப்போல் இரு மடங்கு இடத்தை அது நிரப்பியது. அப்படியானால் கலத்தைச் சுற்றியுள்ள கொழுப்பு இரண்டு அடுக்காக இருக்க வேண்டும் என்று முடிவு செய்தார்கள். (அவர்களுடைய அளவைகளில் இரு பிழைகள் இருந்ததும், அவை ஒன்றையொன்று ஈடுசெய்துகொண்டதும் பின்னர் தெரியவந்தது. முடிவு மட்டும் சரியாகவே நிலைத்தது.)

இந்த இரண்டு அடுக்குகளும் ஒரே மாதிரியானவை அல்ல. லைனிங் வைத்துத் தைத்த சட்டையில் புறத்துணி ஒன்றும் உள்துணி வேறொன்றுமாக இருப்பதைப் போன்றது அது. பொஸ்பற்றிடைல் செரின் என்னும் ஒரு கொழுப்பு ஏறக்குறைய முழுவதும் உள் அடுக்கிலேயே இருக்கிறது. 1970களின் தொடக்கத்தில் இங்கிலாந்திலும் ஒல்லாந்திலும் செங்குருதிக் கலங்களை ஆராய்ந்தவர்கள் இதைக் கண்டறிந்தார்கள். சுருக்கமாக இதைச் செரின் கொழுப்பு என்று அழைப்போம்.

இது தானாக உள்ளே தங்குவதில்லை. தப்பித் தவறி வெளி அடுக்குக்கு வந்த செரின் கொழுப்பை உடனுக்குடன் உள்ளே திருப்பிவிட பிளிப்பேஸ் என்ற புரதம் காவல் நிற்கிறது. 1984இல் பிரான்சிய ஆய்வாளர் இருவர் இதன் வேலையைச் செங்குருதிக் கலத்தில் நிறுவினார்கள். இதற்கு இடைவிடாமல் சக்தி செலவாகிறது. ஒரு கொழுப்பை மறைத்து வைக்க உடல் ஏன் இத்தனை பாடுபட வேண்டும்? அது வெளியே தெரிவதே ஓர் அறிவித்தல் என்பதால்தான்.

விரல் வெட்டுப்பட்டதும் குருதிச் சிறுதட்டுகள் காயத்தில் வந்து ஒட்டுகின்றன. அவற்றுக்குள் கல்சியத்தின் அளவு திடீரென உயர்கிறது. உடனே பிளிப்பேஸ் வேலையை நிறுத்துகிறது. ஸ்கிரம்பிளேஸ் என்ற இன்னொரு புரதம் வாயிலைத் திறந்துவிடுகிறது. உள்ளதும் புறத்ததும் கலந்து, செரின் கொழுப்பு வெளியே தெரிகிறது. ஓடும் இரத்தத்தில் கரைந்திருக்கும் உறைதற் புரதங்கள் கல்சியத்தைப் பிடிமானமாகக் கொண்டு அந்தக் கொழுப்பின்மேல் வந்து அமர்கின்றன. திரவத்தில் தனித்தனியே அலைந்தபோது மெதுவாக நடந்த வேலை இப்போது பல ஆயிரம் மடங்கு விரைவாக நடக்கிறது. துரோம்பின் உண்டாகி, பைபிரின் நூல்கள் பின்னப்பட்டு, காயம் அடைபடுகிறது. இந்தப் புரதங்களுள் நான்குக்குக் கொழுப்பைப் பற்றும் கொக்கியைப் பொருத்த விற்றமின் கே தேவை. பிறந்த குழந்தைக்கு அந்த ஊசியை ஏற்றுவது இதற்காகத்தான், வேண்டாமென்று சொல்லிவிடாதீர்கள்.

வாயில் திறக்காவிட்டால்? 1979இல் அமெரிக்காவில் ஒரு பெண்ணைப் பற்றி வைத்தியர்கள் எழுதினார்கள். பல் பிடுங்கினாலும் பிரசவம் நடந்தாலும் அவருக்கு இரத்தம் அளவுக்கு மீறி ஓடியது. சிறுதட்டுகளின் எண்ணிக்கையிலோ உறைதற் புரதங்களிலோ குறையில்லை. அவருடைய சிறுதட்டுகளில் செரின் கொழுப்பு வெளியே வரவில்லை என்பதுதான் பிழை. இது ஸ்கொட் நோய்க்குறி எனப்படுகிறது. உலகில் மிகச் சிலரிடமே காணப்படுகிறது. காரணமான புரதத்தை ஜப்பானின் கியோத்தோவில் ஷிகேகாசு நகாட்டாவின் குழுவினர் 2010இல்தான் கண்டுபிடித்தார்கள்.

இதே கொழுப்பு மரணத்தின் அறிவித்தலாகவும் பயன்படுகிறது. நம் உடலில் ஒவ்வொரு வினாடியும் 20 இலட்சத்துக்கும் மேற்பட்ட செங்குருதிக் கலங்கள் ஆயுள் முடிந்து அகற்றப்படுகின்றன. ஒன்றின் ஆயுள் ஏறத்தாழ 120 நாட்கள். வெண்குருதிக் கலங்களும் வேலை முடிந்ததும் ஒழுங்காகத் தம்மைத் தாமே முடித்துக்கொள்கின்றன. அப்போது உள்ளேயுள்ள ஒரு நொதியம் காவற்காரனான பிளிப்பேஸை வெட்டிச் செயலிழக்கச் செய்து, வேறொரு ஸ்கிரம்பிளேஸைத் திறந்துவிடுகிறது. வெளிவந்த செரின் கொழுப்பைத் தின்குழியங்கள் இனங்கண்டு, கலம் வெடித்துச் சிதறுமுன் விழுங்கிவிடுகின்றன என்பது 1992இல் தெரியவந்தது. ஜனாஸாவைத் தாமதிக்காமல் அடக்கும் ஊராரைப் போன்ற வேலை. முதுமையடைந்த செங்குருதிக் கலங்களை மண்ணீரலும் ஈரலும் அகற்றுவதற்கும் இந்தக் கொழுப்பு ஓர் அடையாளம் என்கிறார்கள். தலசீமியா நோயாளரின் கலங்களில் இது அதிகம் வெளித்தெரிகிறது. மண்ணீரல் அகற்றப்பட்டவர்களில் இரத்தக்கட்டி உண்டாகும் ஆபத்துக் கூடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இனிச் சொல்லவந்த விடயம். சிலருடைய உடல், இவ்வகைக் கொழுப்பில் வந்து ஒட்டும் ஒரு புரதத்துக்கு எதிராகத் தவறுதலாகப் பிறபொருளெதிரிகளைத் தயாரித்துவிடுகிறது. இலண்டனில் கிரஹம் ஹியூஸ் என்ற வைத்தியர் 1983இல் இதைத் தனி நோயாக விபரித்தார். காலிலோ மூளையிலோ இரத்தக்கட்டி உண்டாகலாம். கர்ப்பிணிகளில் கரு அழியலாம். தாயின் இரத்தம் படும் நஞ்சுக்கொடிக் கலங்களில் செரின் கொழுப்பு ஓரளவு வெளித்தெரிவது இயல்பு. அதை மூடிப் பாதுகாக்க அனெக்ஸின் என்ற புரதம் அங்கே நிறைய உண்டு. பிறபொருளெதிரிகள் அந்த மூடியைக் குலைக்கின்றன என்பது ஒரு விளக்கம். அவை நஞ்சுக்கொடியில் அழற்சியை உண்டாக்குவதும் அறியப்பட்டிருக்கிறது.

மீண்டும் மீண்டும் கருச்சிதைவு ஏற்படும் பெண்களில் நூற்றுக்கு 15 பேரளவில் இந்தப் பிறபொருளெதிரிகள் காணப்படுகின்றன. நம் வீடுகளில் நடப்பதோ வேறு. மருமகளுக்கு இரண்டு மூன்று முறை பிள்ளை தங்காவிட்டால் கண்ணூறு என்கிறோம், சூனியம் என்கிறோம், மாமி ஒன்று சொல்ல மதினி ஒன்று சொல்கிறாள். இரண்டாம் கல்யாணப் பேச்சுக்கூட எழுந்துவிடுகிறது. ஓதிப் பார்ப்பதை நான் தடுக்கவில்லை. துஆவும் மருந்தும் ஒன்றுக்கொன்று பகையல்ல. ஆனால் இரத்தப் பரிசோதனை செய்யாமல் ஒரு பெண்ணின்மேல் பழி போடுவது அநியாயம்.

இன்னொரு பழியும் இருக்கிறது. கர்ப்பிணிகள் கிளினிக்கில் மேகநோய்க்காக வீ.டீ.ஆர்.எல். பரிசோதனை செய்கிறார்கள். அதில் பயன்படுவது மாட்டின் இதயத்திலிருந்து முதன்முதலில் பிரித்தெடுக்கப்பட்ட கார்டியோலிப்பின் என்ற கொழுப்பு. மேற்சொன்ன பிறபொருளெதிரிகள் அதிலும் ஒட்டுவதால், ஒழுக்கத்தில் எந்தக் குறையுமற்ற பெண்ணுக்கும் நோய் இருப்பதாக முடிவு வரக்கூடும். கணவன்மார் இதை அறிந்திருக்க வேண்டும். உறுதிப்படுத்தும் வேறு பரிசோதனை உண்டு. அதுவரை வாயைத் திறக்க வேண்டாம்.

10 வாரத்துக்கு முன் தொடர்ந்து மூன்று கருச்சிதைவுகள் ஏற்பட்டவர்கள், அல்லது 10 வாரத்துக்குப் பின் குறையற்ற ஒரு பிள்ளையை வயிற்றிலேயே இழந்தவர்கள், மகப்பேற்று நிபுணரிடம் இந்தப் பரிசோதனையைக் கேளுங்கள். ஆகக் குறைந்தது 12 வார இடைவெளியில் இரு முறை செய்தே முடிவு சொல்வார்கள். சிகிச்சை குறைந்த அளவு அஸ்பிரினும் ஹெபரின் ஊசியும். 1997இல் இலண்டனில் வெளியான ஓர் ஆய்வில், அஸ்பிரின் மட்டும் எடுத்த 45 பேரில் 19 பேரும், இரண்டையும் எடுத்த 45 பேரில் 32 பேரும் உயிருள்ள பிள்ளையைப் பெற்றார்கள். அஸ்பிரினைச் சொந்தமாக வாங்கி விழுங்காதீர்கள். டெங்குக் காய்ச்சலில் அது ஆபத்தானது.

ஹெபரின் பெரும்பாலும் பன்றியின் குடலிலிருந்து எடுக்கப்படுவதால் தயங்கும் சகோதரிகள் உண்டு. தயக்கம் ஈமானின் அடையாளம்தான். ஆனால் அதற்கு விடை இருக்கிறது. 2003 டிசம்பரில் மக்காவில் கூடிய ராபிதாவின் பிக்ஹ் சபை, குறைந்த மூலக்கூற்று நிறையுடைய ஹெபரினைப் பெயர் குறிப்பிட்டே ஆராய்ந்தது. ஈடான ஹலாலான மாற்று இல்லாதபோது தேவையான அளவுக்கு அதைப் பயன்படுத்தலாம் என்றும், மாற்றுக் கிடைத்தால் அதற்கு மாற வேண்டும் என்றும் முடிவு செய்தது. மாற்று உண்டா என்று உங்கள் வைத்தியரிடமே கேளுங்கள். வார்பரின் மாத்திரை கருவின் தொடக்க மாதங்களில் பிள்ளையைப் பாதிக்கும். ஹெபரின் நஞ்சுக்கொடியைக் கடந்து பிள்ளையிடம் செல்வதில்லை.

ஊசியை வயிற்றுத் தோலின்கீழ் தானே ஏற்றிக்கொள்ளத் தாதிமார் பழக்கிவிடுவார்கள். பிள்ளை கிடைத்ததும் நிறுத்திவிட வேண்டாம். பிரசவத்துக்குப் பின் 6 வாரம் வரை இரத்தக்கட்டி உண்டாகும் ஆபத்து அதிகமாகையால் அதுவரை தொடரச் சொல்வது வழக்கம். கத்னாவோ அகீகாவோ என்று வீடு அமளிதுமளியாக இருக்கும் அந்த நாட்களில் ஊசியின் நேரத்தைக் கணவர் நினைவுபடுத்தட்டும்.