டீன் நாற்காலிக்குப் போகும் ஃபைல்

ஒரு மருத்துவக் கல்லூரிக்கு அடுத்த டீன் யார் என்பதை அமைச்சரோ அறங்காவலரோ முடிவு செய்வதாகத்தான் எல்லோரும் நினைக்கிறார்கள். கையெழுத்து அவர்களுடையதுதான். அந்தக் கையெழுத்துக்காகப் போகும் பட்டியலில் யார் பெயர் இருக்கும் என்பதோ, பதினைந்து இருபது வருடம் முன்பே எஸ்டாப்ளிஷ்மென்ட் செக்‌ஷனில் பாதி முடிவாகிவிடுகிறது. பெங்களூரில் ஒரு மருத்துவக் கல்லூரியில் அந்த செக்‌ஷனில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவள் நான். டாக்டர்களின் சர்வீஸ் ரெஜிஸ்டரும் சீனியாரிட்டி லிஸ்ட்டும் என் மேஜையில்தான் இருந்தன.

விதி இதுதான். மேற்படிப்பு முடித்து உதவிப் பேராசிரியராகச் சேருகிறவர் 4 ஆண்டு வேலை பார்த்து, ஆய்வுக் கட்டுரைகளும் வெளியிட்டிருந்தால் இணைப் பேராசிரியர் ஆகலாம். இன்னும் 3 ஆண்டும் மேற்கொண்டு கட்டுரைகளும் சேர்ந்தால் பேராசிரியர். டீன் ஆக, இந்த இரண்டு நிலைகளிலும் சேர்த்து 10 ஆண்டு அனுபவம் கேட்பது நெடுநாள் வழக்கம். அதில் 5 ஆண்டு பேராசிரியராக இருந்திருக்க வேண்டும். ஆணுக்கு ஒரு விதி, பெண்ணுக்கு ஒரு விதி என்று எங்கும் எழுதியிருக்கவில்லை. 2017 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு 26 வாரமாகிவிட்ட மகப்பேறு விடுப்பு பணிக்காலத்தை முறிப்பதும் இல்லை.

அப்படியானால் எங்கே நழுவுகிறது? கணவருக்கு மாற்றல் வந்தால் ராஜினாமா எழுதிக் கொடுப்பது பெரும்பாலும் மனைவிதான். வேறு ஊரில் வேறு கல்லூரியில் சேரும்போது பழைய அனுபவம் கணக்கில் வரும், ஆனால் அந்தக் கல்லூரியின் சீனியாரிட்டி லிஸ்ட்டில் பெயர் கடைசியில் ஏறும். கட்டுரை எழுதுவது ஓ.பி. முடிந்த பிறகு, சாயங்காலத்தில் நடக்கிற வேலை. அந்தச் சாயங்காலம் யாருக்கு மிஞ்சுகிறது என்று நான் விளக்க வேண்டியதில்லை. உலக சுகாதார நிறுவனம் 2019-ல் வெளியிட்ட அறிக்கை, மருத்துவத் துறைப் பணியாளர்களில் சுமார் 70 சதவீதம் பெண்கள், உயர் பொறுப்புகளில் 25 சதவீதம்தான் பெண்கள் என்று சொன்னது. படித்தபோது எனக்கு ஆச்சரியம் வரவில்லை. நான் டைப் செய்த பட்டியல்களும் அப்படித்தான் இருந்தன.

இவற்றையெல்லாம்விட ஆழமான காரணம் ஒன்று உண்டு. வெளியே யாரும் அதைப் பேசிக் கேட்டதில்லை. கமிட்டிகள். ஒவ்வொரு ஜூன், ஜூலையிலும் கமிட்டி ஆர்டர் போடுவோம். கலைவிழாக் குழு, வரவேற்புக் குழு, பெண்கள் விடுதி வார்டன் பொறுப்பு, உள்ளகப் புகார்க் குழு என்றால் பெண் டாக்டர்களின் பெயர்கள் தானாக வந்து விழும். பர்ச்சேஸ் கமிட்டி, கட்டுமானக் குழு, நிதிக் குழு என்றால் அதே நான்கைந்து ஆண்கள். யாரும் கெட்ட எண்ணத்தோடு செய்ததில்லை. போன வருட ஆர்டரை எடுத்துத் தேதியை மாற்றினோம், அவ்வளவுதான். விடுதியைப் பார்த்துக்கொள்வது சின்ன வேலை என்று நான் சொல்லவே மாட்டேன். முந்நூறு பெண் பிள்ளைகளின் பாதுகாப்பு அது. ஆனால் டீன் நேர்காணலில் அதைப் பற்றிக் கேட்பதில்லை. எத்தனை கோடி பட்ஜெட் பார்த்திருக்கிறீர்கள், டெண்டர் எப்படி விட்டீர்கள், இன்ஸ்பெக்‌ஷனை எப்படிச் சமாளித்தீர்கள் என்றுதான் கேட்பார்கள். இருபது வருடம் அந்தக் கமிட்டி அறைக்குள்ளேயே விடப்படாத ஒருவர் என்ன பதில் சொல்வார்?

பெண்களுக்கான தலைமைப் பயிற்சி என்றதும் மேடைப் பேச்சும் தன்னம்பிக்கை வகுப்பும் நினைவுக்கு வரும். உண்மையான பயிற்சி இந்தக் கமிட்டி அறைக்குள் நடப்பதைத்தான் சொல்லிக்கொடுக்கிறது: நிதி அறிக்கையை வாசிப்பது, ஆள் கேட்டு வாதாடுவது, மூத்தவர் ஒருவர் தனக்காகப் பேசும்படி உறவை வளர்ப்பது. அமெரிக்காவின் பிலடெல்பியாவில் 1995 முதல் நடக்கிற ‘ஈலாம்’ இந்த வகையில் பேர்பெற்றது. மூத்த பெண் பேராசிரியர்களை ஓராண்டுக்குச் சேர்த்துக்கொள்கிறார்கள். வேலையை விட வேண்டாம். தன் கல்லூரிக்கே பயன்படுகிற ஒரு திட்டத்தை ஒவ்வொருவரும் நடத்திக் காட்ட வேண்டும். இந்தப் பயிற்சியின் வேர், பெண்களுக்காகவே தொடங்கிய பென்சில்வேனியா மகளிர் மருத்துவக் கல்லூரியில் இருக்கிறது. 1886-ல் நம் ஆனந்திபாய் ஜோஷி பட்டம் வாங்கிய அதே கல்லூரி! பிறகு அது ஆண்களையும் சேர்த்து, வேறு கல்லூரியோடு இணைந்து, இன்று டிரெக்ஸல் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது.

வேலூரிலும் இதே கதையின் இன்னொரு பக்கம் இருக்கிறது. டாக்டர் ஐடா ஸ்கடர் 1918-ல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியைத் தொடங்கினார். 1947-ல்தான் ஆண்கள் சேர்ந்தார்கள். நடுவில் இருந்த ஆண்டுகளில் பாடம் நடத்துவதோடு கணக்குப் பார்ப்பது, கட்டடம் எழுப்புவது, நன்கொடை திரட்டுவது எல்லாம் பெரும்பாலும் பெண்கள் தலையில்தான். சுதந்திரத்தை ஒட்டி டாக்டர் ஹில்டா லாசரஸ் அங்கே முதல் இந்திய இயக்குநராக வந்தபோது, ஒரு பெண்ணால் முடியுமா என்று கேட்க அந்த ஊரில் நியாயமே இருந்திருக்காது.

திறமை இருந்தால் பதவி தானாக வரும் என்பவர்கள் அடையாறு டாக்டர் வி. சாந்தாவைக் காட்டுவார்கள். 1955-ல் சேர்ந்து, 1980 முதல் 1997 வரை புற்றுநோய் நிலையத்தின் இயக்குநராக இருந்த அவருடைய திறமையை யார் மறுக்க முடியும்? அவர் சேர்ந்த இடத்தையும் சேர்த்துப் பார்க்கச் சொல்வேன். அது முத்துலட்சுமி ரெட்டி என்ற பெண் டாக்டர் நிறுவிய இடம். டெல்லி எய்ம்ஸ் 1956-ல் தொடங்கியது. முதல் பெண் இயக்குநர் ஸ்நேஹ் பார்கவா பொறுப்பேற்றது 1984 அக்டோபர் 31 அன்று. சுடப்பட்ட இந்திரா காந்தியைக் கொண்டுவந்ததும் அன்றுதான், அதே ஆஸ்பத்திரிக்குத்தான். அப்படி ஒரு நாளைச் சமாளித்தவருக்குப் பிறகும் 2025 வரை அந்த நாற்காலியில் இன்னொரு பெண் உட்காரவில்லை.

எங்கள் ஊர் கொஞ்சம் பரவாயில்லை. மனநல, நரம்பியல் மருத்துவ நிறுவனமான நிமான்ஸை நரம்பியல் நிபுணர் கௌரி தேவி நடத்தியிருக்கிறார். 2021-ல் பிரதிமா மூர்த்தி இயக்குநரானார். கொரோனா நேரத்தில் விக்டோரியா, வாணி விலாஸ் ஆஸ்பத்திரிகளைக் கையில் வைத்திருக்கும் பெங்களூர் மருத்துவக் கல்லூரிக்குக் கண் மருத்துவர் சி. ஆர். ஜெயந்தி தலைமை வகித்தார். பயிற்சிக்குத் தூரமும் போக வேண்டாம். கோயம்புத்தூர் பி.எஸ்.ஜி.யில் 2007 முதல் ‘ஃபைமர்’ என்ற பயிற்சி நடக்கிறது. ஆண், பெண் இருவருக்கும் பொது. மருத்துவ ஆசிரியர்கள் சொந்தக் கல்லூரியில் ஒரு மாற்றத்தைச் செய்து காட்ட வேண்டும். ஈலாமை உருவாக்கியவர்களில் ஒருவரான பேஜ் மொராஹனின் கை ஃபைமரிலும் உண்டு.

ஸ்ரீராம்புரத்தில் எங்கள் தெருவிலிருந்தும் ஒரு பெண் இப்போது உதவிப் பேராசிரியராக இருக்கிறாள். தாத்தா மில் தொழிலாளி. மெட்ரோவில் வேலைக்குப் போய் வருகிறாள், வீட்டில் கைக்குழந்தை. ஒரு நாள் ஆர்டரைக் கொண்டுவந்து காட்டினாள்.

“பெரியம்மா, என்னைக் கேட்காமலே கல்ச்சுரல் கமிட்டியில போட்டுட்டாங்க.”

“போட்டதைச் செய்மா. கூடவே பர்ச்சேஸ் கமிட்டியிலயும் சேர்த்துக்கணும்னு எழுதிக் கொடு. வாயால சொல்லாத, எழுத்துல கொடு. காப்பியில ஆபீஸ் சீல் வாங்கி வச்சுக்கோ.”

முதல் வருடம் பதில் வரவில்லை. மறுவருடமும் எழுதினாள், இப்போது உறுப்பினராக இருக்கிறாள். முதல் கூட்டத்தில் வென்டிலேட்டர்களின் பராமரிப்பு ஒப்பந்தம் வந்ததாம். இயந்திரம் பழுதாகி நிற்கிற நாட்களுக்கு கம்பெனியிடம் அபராதம் பிடிக்க ஒப்பந்தத்தில் இடம் இருக்கிறதா என்று கேட்டிருக்கிறாள். இல்லை என்று தெரிந்ததும் அந்த ஷரத்தைச் சேர்த்திருக்கிறார்கள். மினிட்ஸில் அவள் பெயரோடு அது பதிவாகியிருக்கிறது.