மின்கலத்தின் ஆயுள்

பெருங்கடவிளையிலும் பாறசாலையிலும் மழைக்கால மாலையில் மின்சாரம் நின்றுபோவது புதிதன்று. அதனால், கைப்பேசியை இரவெல்லாம் மின்னேற்றத்தில் விட்டு, நூறு விழுக்காடு நிரப்பி வைப்பதே முன்னறிவு என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். நாளடைவில், உச்சிப்பொழுதுக்குள் மின்கலம் வற்றத் தொடங்குகிறது. “பழசாகிவிட்டது” என்று புதிய கைப்பேசிக்கு வீட்டில் பணம் கேட்கிறோம். பெற்றோரின் உழைப்பல்லவா அந்தப் பணம்?

மின்கலம் முதுமையடைவது ஏன்? 1991-இல் சந்தைக்கு வந்த லித்தியம்-அயனி மின்கலத்தில் இரண்டு மின்வாய்கள் உள்ளன. மின்னேற்றும்போது லித்தியம் அயனிகள் ஒன்றிலிருந்து புறப்பட்டு, மற்றொன்றிலுள்ள கிராபைட்டின் அடுக்குகளுக்குள் புகுகின்றன. நாம் பயன்படுத்தும்போது திரும்பி வருகின்றன. இந்தப் போக்குவரவில் சில அயனிகள் கிராபைட்டின்மேல் படியும் மெல்லிய படலத்தில் சிக்கிக்கொள்கின்றன. சிக்கியவை மீண்டும் வேலைக்கு வருவதில்லை. வெப்பம் மிகுந்தால் அப்படலம் விரைந்து தடிக்கும். முழுதும் நிரம்பிய கலத்தின் மின்னழுத்தம் பெரும்பாலும் 4.2 வோல்ட்டை எட்டும்; அந்நிலையில் நெடுநேரம் இருந்தாலும் கேடு வளரும்.

“முற்றும் வற்றிய பிறகே மின்னேற்ற வேண்டும்” என்பாரும் உண்டு. அது பழைய நிக்கல்-காட்மியக் கலத்துக்குச் சொன்ன பாடம். “எப்போதும் நிரம்பியே இருக்கவேண்டும்” என்பது ஈயக்கலத்தின் பாடம். லித்தியத்துக்கு இரண்டுமே பொருந்தா.

இதற்குச் சான்று தேடித் தொலைதூரம் போக வேண்டியதில்லை. நெய்யாற்றின்கரைக்கு வடக்கே, தலைநகரைக் கடந்தால் தும்பா. அங்குள்ள விக்ரம் சாராபாய் விண்வெளி மையம் 1.5 முதல் 100 ஆம்பியர்-மணி வரை கொள்ளும் லித்தியம்-அயனி கலங்களை உருவாக்கி, 2018-இல் அந்நுட்பத்தை இந்தியத் தொழில்துறைக்கு வழங்க முன்வந்தது. விண்ணிலே கலத்தை மாற்றித்தர யார் இருக்கிறார்கள்? தாழ்ந்த பாதையில் சுற்றும் துணைக்கோள் பொதுவாக நாளொன்றுக்குப் பதினைந்து முறை அளவில் பூமியின் நிழலில் புகுகிறது; ஆண்டுக்கு 5000 முறைக்கு மேல். ஒவ்வொரு முறையும் கலத்தின் கொள்ளளவில் ஒரு சிறு பகுதியையே செலவிடும்படி அமைக்கிறார்கள். வெப்பநிலையையும் கட்டிக் காக்கிறார்கள். அதனால்தான் அக்கலம் ஆண்டுக்கணக்கில் உழைக்கிறது.

அதே அளவறிதல் நமக்கும் ஆகும். அன்றாடம் 20-க்கும் 80 விழுக்காட்டுக்கும் இடையே வைத்திருங்கள். 80-இல் நிறுத்தும் வசதி பல கைப்பேசிகளில் உண்டு. மின்னேறும்போது தலையணைக்கடியில் வைக்காதீர்கள்; வெயிலில் நிற்கும் வண்டிக்குள் விடாதீர்கள். நெடுநாள் பயன்படுத்தாமல் வைப்பதானால், பாதியளவு நிரப்பிக் குளிர்ந்த இடத்தில் வையுங்கள். பயணத்துக்கோ மின்தடைக்கோ தேவையானால் முழுதும் நிரப்பலாம். நிரம்பியதை நாள்கணக்கில் அப்படியே கிடத்துவதுதான் தவறு. கலம் உப்பினால் அன்றே பயன்படுத்துவதை விட்டுவிடுங்கள், அது தீப்பற்றக்கூடும்.

நண்பர்களே, அயனிகள் ஒருநாள் ஓயத்தான் செய்யும். ஆயினும், அந்நாளை ஓரிரண்டு ஆண்டு தள்ளிப்போடுவது நம் கையில் இருக்கிறது. அதற்குச் செலவு ஒன்றுமில்லை. மிச்சமாவதோ வீட்டாரின் பணம்.