நிறம், எழுத்து, பெயர்: ஒரு போர்விமானத்தை வாசித்தல்

யாக்-1 விமானத்தையும் ஒரு பிரதியாக வாசிக்கலாம் என்றால் நண்பர்கள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். இரண்டாம் உலகப் போரில் சோவியத் ஆலைகள் ஆயிரக்கணக்கில் செய்து தள்ளிய போர்விமானம் அது. கண்ணில் படாதே என்றும், நீ யாரென்று காட்டு என்றும் அதன் உடலுக்கு ஒரே நேரத்தில் இரண்டு கட்டளைகள்.

முதலாவது உருமறைப்பு. 1941இல் மேற்புறம் பச்சையும் கறுப்பும், அடிப்புறம் இளநீலம். மேலிருந்து பார்ப்பவனுக்குக் காடும் வயலும். கீழிருந்து பார்ப்பவனுக்கு வெறும் வானம். பனிக்காலத்தில் கழுவினால் போகிற வெள்ளைப் பூச்சு. சொரசொரப்பான அந்தப் பூச்சு வேகத்தைக் குறைத்தது. ஒளிஞ்சுக்கிறதுக்கும் ஒரு விலை உண்டு, இல்லியா? 1943 கோடையில் போர்விமானங்களுக்குப் பச்சை போய், இரண்டு வகைச் சாம்பல் நிறம் வந்தது. தரையில் பதுங்குவதைவிட வானத்தில் மோதுவது முக்கியமாகிவிட்டது என்றே இதை வாசிக்கிறேன்.

இவ்வளவு பாடுபட்டு மறைத்த உடல் மேலேயே சிவப்பு நட்சத்திரம், பெரிய எண், சில சமயம் ஒரு முழு வாக்கியம். சாரத்தவ் வட்டாரத்துக் கூட்டுப்பண்ணை உழவர் ஃபெராபோன்த் கொலொவாத்தி, தேனீ வளர்த்தவர். 1942 டிசம்பரில் தேன் விற்ற காசு 1,00,000 ரூபிளைக் கொடுத்தார். அது ஒரு யாக்-1 ஆனது. ஸ்டாலின்கிராட் முனை விமானி எரியோமினுக்குத் தோழர் கொலொவாத்தி தந்தது என்று அதன் பக்கவாட்டில் பெரிதாக எழுதினார்கள். இதைச் சும்மா பிரச்சாரம்னு தள்ளிவிட எனக்கு மனமில்லை. குடியானவனின் நிலத்தைக் கூட்டுப்பண்ணைக்குள் கரைத்த அதே அரசு, ஒரு குடியானவனின் தனிப்பெயரை வானத்தில் பறக்கவிட்டது. தேன் அவருடையது, காசு அவருடையது. அந்தப் பெயரை எழுத அனுமதி மட்டும் அரசுடையது. அந்த விமானம் சாரத்தவ் அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

லிதியா லித்வியாக்குக்கு இந்த அனுமதி கிடைத்த விதம் வேறு. யாக்-1 ஓட்டிய இந்தப் பெண் தன் விமானத்தில் வெள்ளை லில்லி வரைந்திருந்ததாகக் கதை. சிலர் ரோஜா என்பார்கள். ஐயத்துக்கு இடமில்லாத புகைப்படம் ஒன்றுகூட இல்லை. பொம்மை விமானங்களில் மட்டும் அந்தப் பூ இன்னும் பூத்துக்கொண்டிருக்கிறது. எதிரி விமானங்களை வீழ்த்தியவள் என்பது நமக்குப் போதவில்லை. பெண் என்றால் பூ வேண்டியிருக்கிறது.

1943 ஆகஸ்ட் 1 அன்று பறந்து போனவர் திரும்பவில்லை. அப்போது வயது 21. உடல் கிடைக்காததால் 'காணாமல் போனவர்' என்று பதிந்தார்கள். எதிரியிடம் பிடிபட்டிருப்பாரோ என்ற சந்தேகமும் ஒட்டிக்கொண்டது. சோவியத் ஒன்றியத்தின் வீரர் பட்டம் அவருக்கு வந்தது 1990இல்.