பிரேக் குழாய்க்குக் கருவி வாங்குவோர் கவனத்திற்கு



காலால் பிரேக்கை மிதிக்கிறோம், வண்டி நிற்கிறது. மிதிக்கும் இடத்திற்கும் சக்கரத்திற்கும் நடுவே இருப்பது என்ன? பென்சிலைவிட மெல்லிய ஒரு குழாயும், அதற்குள் நிறைந்திருக்கும் எண்ணெயும்தான். பெரும்பாலான கார்களில் அந்தக் குழாயின் பருமன் 3/16 அங்குலம், அதாவது ஏறத்தாழ 4.75 மில்லிமீட்டர்.

பள்ளியில் இதை இரண்டு ஊசிக்குழல்களைக் கொண்டு விளக்குவோம். இரண்டிலும் தண்ணீர் நிரப்பி, நடுவே ஒரு ரப்பர்க் குழாயைப் பொருத்தி ஒன்றை அழுத்தினால் மற்றது எழும்பும். அடைபட்ட திரவத்தில் தரும் அழுத்தம் எல்லாப் பக்கமும் ஒரே அளவாகப் பரவும் என்று பாஸ்கல் கண்டு சொன்ன விதி இதுவே. பிரேக் கட்டையை 30 கிலோ பலத்தோடு மிதிப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். கட்டை ஒரு நெம்புகோல். அது ஐந்து மடங்காக்கினால் 150 கிலோ. அந்த 150 கிலோவும் முக்கால் அங்குலக் குறுக்களவுள்ள ஓர் உந்துதண்டின்மேல் விழுகிறது. கணக்கிட்டால் சதுரச் சென்டிமீட்டருக்கு 50 கிலோவுக்கு மேல் வரும். கார்ச் சக்கரத்தில் அடைத்த காற்றின் அழுத்தம் சுமார் 2 கிலோதான். டயரைப்போல் இருபத்தைந்து மடங்கு அழுத்தத்தை இந்த மெல்லிய குழாய் ஒவ்வொரு மிதிக்கும் தாங்க வேண்டியிருக்கிறது.

பினாங்கில் இருப்பவர்களுக்குக் கடற்காற்று தெரியாததல்ல. ஜார்ஜ் டவுனில் துருப்பிடிக்காத தகரக் கூரையைக் காண்பது அரிது. வண்டிக்கு அடியில் போகும் எஃகுக் குழாயும் அப்படித்தான். குறிப்பாக, குழாயைப் பிடித்திருக்கும் கவ்விகளின் உள்ளே சேறும் ஈரமும் தங்கி, வெளியே தெரியாமல் அரித்துக்கொண்டே போகும். உள்ளிருந்தும் அரிப்பு உண்டு. சாதாரண பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் குணமுடையது. பல ஆண்டுகள் மாற்றாமல் விட்டால் அந்த ஈரமே குழாயைத் தின்னும்.

வாடகைக்கும் வாணிபத்திற்கும் ஓடும் வண்டிகளுக்குத்தான் நம் நாட்டில் குறித்த காலச் சோதனை உண்டு. சொந்தக் காரை யாரும் கூப்பிட்டுச் சோதிப்பதில்லை. பாயா தெருபோங்கிலிருந்து பாலிக் புலாவுக்கு ஏறி இறங்கும் வளைவுச் சாலையில், பிள்ளைகுட்டிகளோடு பழைய காரை ஓட்டிச் செல்லும் குடும்பங்கள் எத்தனை! இன்றைய கார்களில் பிரேக்கு இரண்டு தனித்தனிச் சுற்றாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. ஒன்று ஒழுகினாலும் மற்றது ஓரளவாவது நிறுத்தும். மோரிஸ் மைனர், பழைய லேண்ட் ரோவர் போன்றவற்றில் ஒரே சுற்று. ஒரு குழாய் வெடித்தால் நான்கு சக்கரத்திற்கும் பிரேக் இல்லை.

பழைய வண்டிக்குக் கம்பெனிக் குழாய் எப்போதும் கிடைத்துவிடாது. உடைத்து விற்கும் கடையில் வாங்கினால் அதுவும் அரித்துப்போன பழைய குழாய்தான். ஆகவே, புதுக்குழாய் வாங்கி நாமே செய்துகொள்ளலாம் என்ற எண்ணம் வருவது இயற்கை. அந்த எண்ணத்தில் தவறில்லை. ஆனால் எந்தக் கருவியில் காசைப் போடுவது, எதில் மிச்சம் பிடிப்பது என்பதில்தான் உயிர் இருக்கிறது.

முதலில் குழாய். குளிர்சாதனப் பெட்டிக்குப் போடும் செம்புக் குழாயை பிரேக்கில் பொருத்தி ஓடிய ஒரு வேனை நாங்கள் கண்டிருக்கிறோம். வளைக்க எளிதாக இருந்ததாம்! அது பிரேக் வேலைக்கென்று செய்த குழாயன்று. தனிச் செம்பு ஓயாத அதிர்ச்சியில் இறுகிப்போய்க் கடைசியில் விரிசல் காணும். பிரேக்குக்கென்றே செய்த எஃகுக் குழாய் ஒன்று. செம்போடு பத்தில் ஒரு பங்கு நிக்கலும் சிறிது இரும்பும் கலந்த குழாய் மற்றொன்று. வால்வோ நிறுவனம் 1976 முதல் இந்தக் கலப்புக் குழாயைத் தன் கார்களில் போட்டது. துருப்பிடிக்காது, கையால் வளையும், வாய் விரிக்கையில் எளிதில் பிளக்காது. விலை கூடுதல்தான், கடலோரத்தில் இருப்பவர்களுக்கு எங்கள் ஓட்டு இதற்கே.

இனி முக்கியமான கருவி: குழாயின் வாயை விரிக்கும் கருவி. குழாயை வெட்டிய நிலையிலேயே மாட்ட முடியாது. அதன் வாயை விரித்தால்தான் நட்டை இறுக்கும்போது அந்த வாய் இருக்கையில் அமுங்கி எண்ணெயை அடைக்கும். அந்த வாய் மூன்று விதம். ஒரே தடவையில் புனல்போல் விரிப்பது ஒற்றை வாய், குளிர்சாதன வேலைக்குரியது. அது பிரேக்குக்கு ஆகாது, ஓரம் பிளந்துவிடும். முதலில் உப்பவைத்து, பிறகு உள்ளே மடித்து இரட்டைச் சுவராக்குவது மடித்த வாய். ஜப்பானிய வண்டிகளிலும், மிட்சுபிஷி வடிவமைப்பில் 1985இல் வெளிவந்த முதல் புரோட்டோன் சாகாவிலும் இருப்பது இதுவே. மூன்றாவது மொட்டுப்போல் உப்பிய வாய். வோல்க்ஸ்வேகன், மெர்சிடிஸ் போன்ற ஐரோப்பிய வண்டிகளில் காண்பது.

மடித்த வாயைப் பாதியில் நிறுத்தினால் மொட்டு வாய் ஆகிவிடும் என்று சிலர் நினைக்கிறார்கள். ஆகாது. மொட்டு வாயின் பின்புறத் தோள் வேறு வடிவம். அதற்குத் தனி அச்சு வேண்டும். ஒன்றுக்கு மற்றொன்றை இறுக்கினால் அன்று ஒழுகாமல் இருக்கலாம். மலையிறக்கத்தில் முழுப் பலத்தோடு மிதிக்கும் நாளில் என்ன ஆகும் என்று சொல்வதற்கில்லை. ஆகவே கடைக்குப் போகுமுன் பழைய குழாயைக் கழற்றி அதன் இரு முனைகளையும் பாருங்கள். கையில் அதை எடுத்துக்கொண்டே போங்கள்.

கருவியிலும் இரு வகை உண்டு. துளைகள் கொண்ட இரு சட்டங்களுக்கிடையே குழாயைக் கவ்வி, மேலே ஒரு திருகாணியால் அழுத்துவது மலிவான வகை. கலப்புக் குழாய்க்கு அது பழகிய கையில் போதும். எஃகுக் குழாயை அது சரியாகப் பிடிப்பதில்லை. அழுத்தும்போது குழாய் நழுவி, வாய் ஒரு பக்கம் கோணிக்கொள்ளும். மற்றது வைஸில் பூட்டி, பிளந்த அச்சுகளில் குழாயை வைத்து, நெம்புகோலால் அழுத்தும் வகை. பத்து முறை செய்தாலும் பத்தும் ஒன்றுபோல் வரும். ஒரு வீட்டுக்கு இது பெரிய செலவு. நாலு வீட்டார் சேர்ந்து காசு போட்டு வாங்கலாமே! கோவில் பாத்திரங்களைப் பொதுவில் வாங்கி எல்லார் வீட்டு விசேஷத்திற்கும் கொடுக்கிற வழக்கம் நம் தோட்டங்களுக்குப் புதிதா என்ன? அதுவும் முடியாவிட்டால், பழைய குழாயோடு நல்ல பட்டறைக்குப் போய் முனைகளை மட்டும் செய்து வாங்குவது மட்டக் கருவி வாங்குவதைவிடச் சிக்கனம்.

லோரோங் குலிட் காலைச் சந்தையில் பழைய கருவிகள் கிடைக்கும். ஸ்பானர், அரம் வாங்கத் தடையில்லை. வாய் விரிக்கும் கருவி என்றால் அச்சுகளைப் பிரித்துக் குழாயைக் கவ்வும் வரிகள் தேய்ந்திருக்கின்றனவா என்று பாருங்கள். தேய்ந்திருந்தால் எவ்வளவு மலிவானாலும் வேண்டாம்.

நட்டின் மரையில் ஓர் ஆபத்து ஒளிந்திருக்கிறது. ஜப்பானிய வண்டிகளில் பெரும்பாலும் 10 மில்லிமீட்டர் மரை. பழைய ஆங்கிலேய வண்டிகளில் 3/8 அங்குலம், அதாவது 9.5 மில்லிமீட்டர். சின்ன நட்டு பெரிய துளைக்குள் சுழன்று இறங்கி, இறுகியதுபோலவும் தோன்றும். பலமாக மிதித்தால் மரை வழுக்கிப் பிடுங்கிக்கொள்ளும். கண்ணால் பார்த்து அரை மில்லிமீட்டரைக் கண்டுபிடிக்க முடியாது. ஆகவே வெர்னியர் அளவி ஒன்று வாங்குங்கள்; விலை குறைந்ததே போதும்.

குழாயை இரும்பு வாளால் அறுக்காதீர்கள். தூள் உள்ளே போகும், முனையும் நேராக இராது. சக்கரம் வைத்த சிறு வெட்டி விலை குறைவுதான். ஒவ்வொரு சுற்றுக்கும் திருகைக் கொஞ்சமாக இறுக்கி, வெட்டியபின் உள்விளிம்பைச் சுரண்டிவிட வேண்டும். வாய் விரிக்குமுன் நட்டை மாட்ட மறக்கக்கூடாது; இரு முனையும் விரித்தபின் அது ஏறாது. வழுக்கலுக்கு ஒரு சொட்டு பிரேக் எண்ணெயே போதும். கிரீஸோ இஞ்சின் எண்ணெயோ பட்டால் பிரேக்கின் ரப்பர் ஊதிக் கெட்டுவிடும்.

வளைக்கும் கருவியில் மிச்சம் பிடிக்கலாம். கலப்புக் குழாயை உருண்டையான எதன்மீதும் சுற்றி, பழைய குழாயை மாதிரியாக வைத்து வளைக்கலாம். மடிந்து நசுங்கிய குழாயை மட்டும் நிமிர்த்திப் போடாமல் எறிந்துவிடுங்கள்.

ஸ்பானரில் மிச்சம் வேண்டாம். சாதாரணத் திறந்த வாய் ஸ்பானர் நட்டின் மூலைகளைத் தேய்த்துவிடும். குழாய் நுழைய ஒரு வெட்டு மட்டும் விட்டு, மற்றப் பக்கமெல்லாம் நட்டைச் சுற்றிப் பிடிக்கும் ஸ்பானர் இந்த வேலைக்கென்றே இருக்கிறது. ஜப்பானிய வண்டிகளுக்குப் பெரும்பாலும் 10, ஐரோப்பிய வண்டிகளுக்கு 11 மில்லிமீட்டர்.

குழாயைப் பொருத்தி, புதுப் பிரேக் எண்ணெய் ஊற்றி, காற்றை முழுவதும் வெளியேற்றுங்கள். சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் மின்னணுச் சாதனம் உள்ள வண்டியானால் காற்று நீக்குவதைப் பட்டறையில் விடுங்கள்; சிலவற்றுக்குக் கணினி தேவைப்படும். பிறகு ஒருவர் பிரேக்கை முழுப் பலத்தோடு ஒரு நிமிடம் மிதித்துக்கொண்டிருக்க, மற்றொருவர் ஒவ்வோர் இணைப்பையும் உலர்ந்த தாளால் ஒற்றிப் பார்க்க வேண்டும். கட்டை மெல்லக் கீழே இறங்கினாலும், தாளில் ஈரம் பட்டாலும் வண்டி வாசலைத் தாண்டக்கூடாது. சமதளத்தில், ஆளில்லாத இடத்தில், நடை வேகத்தில் நிறுத்திப் பாருங்கள். மறுநாள் காலையில் மீண்டும் தாளால் ஒற்றுங்கள். முதல் நாள் தெரியாத கசிவு சில சமயம் இராப் பொழுதில் வெளிப்படும். அனுபவமுள்ள மெக்கானிக் ஒருவரிடம் காட்டியபிறகு மலைச்சாலைக்கு எடுத்துச் செல்லலாம்.